வழக்குக் கணக்கு குற்றக் கணக்கு ஆகாது

2023-ஆம் ஆண்டுக்கான குற்றப் புள்ளிவிவரங்களை, ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2025 செப்டம்பர் இறுதியில்தான் வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் பழகிப்போன எண்கள். ஆயினும் முதலாளித்துவ நாளேடுகள் அவற்றைப் பந்தய முடிவுகளைப் போலப் பரிமாறின. எந்த மாநகரம் முதலிடம், எது கடைசியிடம், எது பெண்களுக்குப் பாதுகாப்பானது என்று தரவரிசை போடப்பட்டது. மும்பையில் இந்தச் சடங்குக்கு இரட்டைப் பயன் உண்டு. காவல்துறைக்குப் பெருமை சேர்க்க வேண்டிய வேளையில் நகரம் பாதுகாப்பானது என்பதற்கு எண் சாட்சியாகிறது. குடிசைகளை அகற்ற வேண்டிய வேளையில் தாராவி ஆபத்தானது என்பதற்கும் அதே எண் சாட்சிக்கு இழுக்கப்படுகிறது. ஒரே சாட்சி இரு தரப்புக்கும் சாட்சி சொன்னால், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதே முறை.

எண் பிறக்கும் இடம்

காப்பகத்தின் எண்கள் தெருவில் பிறப்பவை அல்ல. காவல் நிலைய மேசையில் பிறப்பவை. பாதிக்கப்பட்டவர் நிலையத்தின் படியேற வேண்டும்; அவர் சொல்வதை அங்கிருப்பவர் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும். அப்போதுதான் நிகழ்ந்த குற்றம் கணக்கில் ஏறும். மும்பை மக்களுக்கு இதில் பழுத்த அனுபவம் உண்டு. மின்ரயிலில் கைப்பேசியைப் பறிகொடுத்தவர் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதித் தருமாறு அறிவுறுத்தப்பட்டால், அது திருட்டுப் பட்டியலிலிருந்து விலகித் தொலைந்த பொருள் பட்டியலுக்குப் போய்விடுகிறது. அடிபட்டு வந்தவரின் புகார் ‘என்.சி.’ என்ற வகையில் எழுதப்பட்டால், அதாவது பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாத சிறு குற்றமாகக் குறிக்கப்பட்டால், அது ஆண்டறிக்கையின் முதன்மை எண்ணுக்குள் வருவதே இல்லை. ஆவணங்கள் இல்லாத புலம்பெயர் தொழிலாளியோ படியேறவே அஞ்சுகிறார். காமன்வெல்த் மனித உரிமைகள் அமைப்பு 2015-இல் டெல்லியிலும் மும்பையிலும் வீடு வீடாக நடத்திய ஆய்வு, குற்றத்துக்கு ஆளானோரில் பெரும் பகுதியினர் காவல்துறையை நாடவே இல்லை என்பதைக் காட்டியது.

பதிவான வழக்குகளும் முழுமையாக எண்ணப்படுவதில்லை. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றுள் மிகக் கடுமையானது மட்டுமே கணக்கில் ஏறும். வீடு புகுந்து திருடியவன் தடுத்தவரைக் கொன்றால் கொலை எண்ணப்படும், திருட்டு மறைந்துவிடும். ‘குற்றம் பெருகியது’ என்பதும் ‘குற்றப் பதிவு பெருகியது’ என்பதும் வேறு வேறு என்று காப்பகமே தன் அறிக்கைகளில் எச்சரித்து வந்திருக்கிறது. அந்த எச்சரிக்கையை எந்தத் தலைப்புச் செய்தியும் அச்சிடுவதில்லை.

2020-ஆம் ஆண்டே இதற்குத் தக்க சான்று. பொதுமுடக்கத்தால் நாடு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அவ்வாண்டில், பதிவான குற்றங்கள் முந்தைய ஆண்டைவிட 28 விழுக்காடு உயர்ந்து 66 லட்சத்தைத் தாண்டின. திருட்டும் வன்முறைக் குற்றங்களும் உண்மையில் குறைந்திருந்தன. கூடியது எது? அரசு ஊழியரின் ஆணையை மீறியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ஆவது பிரிவில் பதிவான வழக்குகள். 2019-இல் 29,469 ஆக இருந்தவை 2020-இல் 6,12,179 ஆயின. தமிழ்நாட்டில் தண்டனைச் சட்ட வழக்குகள் ஏறத்தாழ 1.7 லட்சத்திலிருந்து 8.9 லட்சத்துக்குத் தாவின. தமிழ் மக்கள் ஓராண்டில் ஐந்து மடங்கு குற்றவாளிகளாகிவிட்டார்களா? அரசு லத்தியை ஓங்கிய அளவே அங்கு எண்ணாக எழுதப்பட்டது.

வகுக்கும் எண்ணின் வஞ்சகம்

நகரங்களை ஒப்பிட, லட்சம் பேருக்கு இத்தனை வழக்குகள் என்று விகிதம் கணக்கிடுகிறார்கள். அதற்கு இன்றளவும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அடிப்படை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பை மோடி அரசு உரிய காலத்தில் நடத்தவில்லை. மும்பையில் இன்னொரு பிழையும் சேர்கிறது. மும்பை மாநகரக் காவல் ஆணையரின் எல்லைக்குள் 2011-இல் வாழ்ந்தவர்கள் சுமார் 124 லட்சம் பேர். காப்பகமோ தானே, கல்யாண், நவி மும்பை உள்ளிட்ட நகரத்திரளின் 184 லட்சம் பேரைக் கொண்டு வகுக்கிறது. அந்நகரங்களின் வழக்குகள் வேறு ஆணையரகங்களின் கணக்கில் சேர்கின்றன. மக்கள் மட்டும் மும்பையின் கணக்கில் சேர்கிறார்கள். சரியான எண்ணால் வகுத்தால் மும்பையின் குற்ற விகிதம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். டெல்லியில் 2015 முதல் வாகனத் திருட்டு போன்றவற்றுக்கு இணையவழிப் புகார் வந்ததால் பதிவு உயர்ந்தது. இவ்விரு நகரங்களையும் ஒரே பட்டியலில் நிறுத்தி ஒன்றுக்குப் பதக்கமும் மற்றதற்கு வசையும் வழங்குவது எந்த அறிவியல்?

இவ்விடத்தில் இடதுசாரிகளும் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பாரதிய ஜனதா ஆளும் மாநிலத்தில் எண் உயர்ந்தால் மேடையில் முழங்குவதும், கேரளத்தில் எண் உயர்ந்தால் ‘அங்கே புகார்கள் ஒழுங்காகப் பதிவாகின்றன’ என்று விளக்குவதும் ஒரே வாயில் பொருந்தாது. விளக்கம் உண்மையாயின் அது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் உண்மையாக இருக்க வேண்டும். மறைத்தற்கரிய குற்றங்களை ஒப்பிடுவதே நேர்மையான வழி. கொலையை மறைப்பது கடினம், உடல் சாட்சி சொல்லும். வாகனத் திருட்டையும் மறைப்பதில்லை. காப்பீட்டுக்கு வழக்குப் பதிவு வேண்டும். கொலை விகிதத்தில் கேரளம் தேசிய சராசரியின் ஏறத்தாழ பாதி அளவில் நிற்கிறது. மொத்தப் பதிவு மிகுதி, கொலை குறைவு என்ற இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பொருள் விளங்கும்.

தாராவியின் மீது சுமத்தப்படும் பெயர்

மாவட்டங்களையும் மாநகரங்களையும் தாண்டிக் காவல் நிலைய அளவுக்குக் காப்பகத்தின் ஆண்டறிக்கை இறங்குவதில்லை. தாராவிக்கென்றோ, மாட்டுங்காவுக்கென்றோ, செம்பூருக்கென்றோ அதில் ஓர் எண்ணும் கிடையாது. ஆகவே ‘தாராவி குற்றங்களின் கூடாரம்’ என்று எழுதுவோர் எந்தப் புள்ளிவிவரத்தையும் வாசித்து எழுதவில்லை. திரைப்படங்களையும் தம் வர்க்கத்தின் அச்சத்தையும் கொண்டே எழுதுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போனவர்களும், கும்பார்வாடாவின் குயவர்களும், 13-ஆம் காம்பவுண்டில் நகரத்தின் குப்பையைப் பிரித்து மறுபயனாக்குபவர்களும் ஒரே பெயரின் கீழ் சந்தேகத்துக்குரியவர்கள் ஆக்கப்படுகிறார்கள்.

பழி பரவினால் ஆதாயம் யாருக்கு? 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் அதானி குழுமம் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தைப் பெற்றது. மும்பையின் மையத்தில், பாந்த்ரா குர்லா வணிக வளாகத்தின் அருகில், ஏறத்தாழ 600 ஏக்கர். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிறுவுவோர்க்கே தாராவிக்குள் இலவச வீடு. ஏனையோர் வெளியே போக வேண்டும். அவர்களுக்கெனப் பேசப்படும் இடங்களுள் உப்பளங்களும், செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேட்டு நிலமும் அடங்கும். ‘குற்றப் பகுதியைத் துப்புரவு செய்கிறோம்’ என்ற சொல் இருந்தால் அப்புறப்படுத்தல் சீர்திருத்தமாகத் தோற்றமளிக்கும்.

மும்பைத் தமிழர்களுக்கு இந்த உத்தி புதிதன்று. 1960-களில் பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ இதழ், அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியர்களின் பெயர்களை ‘படியுங்கள், சும்மா இருங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் பட்டியலிட்டது. அப்பட்டியலே மாட்டுங்காவின் குமாஸ்தாவையும் உடுப்பி உணவக ஊழியரையும் எதிரிகளாகக் காட்டிற்று. 1966-இல் சிவசேனை பிறக்க அது நிலத்தைப் பண்படுத்தியது. வேலையின்மைக்குக் காரணமான முதலாளித்துவம் பட்டியலில் இல்லை. பக்கத்து மேசைக்காரன் இருந்தான்.

பட்டியலில் ஏறாத குற்றம்

1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்ட சில மணி நேரத்தில் தாராவியில் சிவசேனையினர் மிதிவண்டி ஊர்வலம் நடத்தி, காலா கில்லாவில் ஆத்திரமூட்டும் உரைகளை ஆற்றியதை நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்திருக்கிறது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் மும்பையில் உயிரிழந்தோர் 900 பேர். அவர்களுள் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். கத்திக்குத்தில் மடிந்தோர் 347. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தோர் 356. ஆம், தனிக்காரணங்களுள் முதலிடம் காவல்துறையின் தோட்டாவுக்கே. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டு மரணங்கள் கொலைப் பட்டியலில் ஏறுவதில்லை. 1998-இல் ஆணையம் அளித்த அறிக்கையை அன்றைய சிவசேனை–பாரதிய ஜனதா அரசு ஏற்க மறுத்தது. குற்றப் புள்ளிவிவரத்தை எழுதும் கையே அவ்வரிசையில் நின்றது என்பதை மறந்து அந்தப் புள்ளிவிவரத்தை வாசிப்பது வரலாற்றுக் குருடு.

செம்பூருக்கு அப்பால் மாகுலுக்குப் போனால் இன்னொரு காட்சி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நடுவே குடிசைவாசிகள் மறுகுடியமர்த்தப்பட்டனர். அப்பகுதியின் காற்று மாசு உடல்நலத்துக்கு அச்சுறுத்தல் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் கூறிற்று. விருப்பமின்றி எவரையும் அங்கே அனுப்பலாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் ஆணையிட வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் நச்சுக் காற்றை மூச்சிழுத்தவர்களின் துன்பம் எந்த அட்டவணையில் இருக்கிறது? கும்பல் கொலைகளைப் பற்றித் திரட்டப்பட்ட விவரங்களும், நம்பகமானவை அல்ல என்று கூறி, 2017-ஆம் ஆண்டறிக்கையில் விடப்பட்டன.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டங்கள் கதவை மேலும் குறுக்குகின்றன. கைது செய்யத்தக்க குற்றம் தெரியவந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவோ, மூன்று முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் மேலதிகாரியின் அனுமதியுடன் 14 நாள் முன்விசாரணைக்கு இடமளிக்கிறது. அந்தப் பதினான்கு நாளில் ஏழையின் புகார் மிரட்டலாலும் சமரசத்தாலும் கரைந்துபோகலாம். அடுத்த ஆண்டறிக்கையில் ‘குற்றம் குறைந்தது’ என்று அமைச்சர் மார்தட்டலாம். மகாராஷ்டிர அரசு காவல்துறைக்கெனச் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தையும் 2024-இல் தொடங்கியுள்ளது. சாய்ந்த பதிவேட்டை ஊட்டி வளர்க்கும் எந்திரம் சாய்ந்த விடையையே தரும். நியூயார்க்கில் 2011-இல் மட்டும் 6,85,724 முறை மக்கள் தெருவில் நிறுத்தப்பட்டனர். நிறுத்தப்பட்டோருள் பெரும்பான்மையினர் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும். பத்தில் ஒன்பது முறை குற்றமேதும் காணப்படவில்லை. 2013-இல் நீதிமன்றம் அம்முறையைக் கண்டித்தது. நிறுத்தல்கள் பெருமளவு குறைந்த பின்னரும் நகரில் குற்றம் பெருகவில்லை.

தோழர்களின் கடமை

இவற்றைக் கண்டு ‘எண்களே பொய்’ என்று முகம் திருப்புவதும் பிழை. திருட்டிலும் வன்முறையிலும் போதைப்பொருளிலும் முதலில் வதைபடுவது உழைக்கும் மக்களே. இரவுப் பணி முடிந்து 90 அடிச் சாலையில் நடந்து வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும். அவளுடைய அச்சத்தை முதலாளித்துவப் பிரசாரம் என்று ஒதுக்குவது இடதுசாரி நிலைப்பாடு ஆகாது. எண்ணை ஆளும் வர்க்கத்தின் கையிலிருந்து மீட்பதே பணி.

வந்த புகார்கள் எத்தனை, பதிந்த வழக்குகள் எத்தனை என்று காவல் நிலைய வாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். காவல்துறை சாராத அமைப்பொன்று, பாதிக்கப்பட்டோரிடம் நேரில் கேட்கும் ஆய்வை ஆண்டுதோறும் நடத்த வேண்டும். 173(3) பிரிவு நீக்கப்பட வேண்டும். கூலி மறுப்பும், சட்டவிரோத வெளியேற்றமும், காவல் மரணங்களும் அதே அறிக்கையில் இடம்பெற வேண்டும். இக்கோரிக்கைகள் வலுப்பெற வேண்டுமாயின் கட்சிக் கிளைகளிடம் சொந்தப் பதிவேடு இருத்தல் அவசியம். யார் எந்த நாளில் நிலையத்துக்குப் போனார், புகார் வாங்கப்பட்டதா, ஒப்புகைச் சீட்டு கிடைத்ததா, ‘என்.சி.’ ஆக்கப்பட்டதா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிய ஒரு நோட்டு ஒவ்வொரு கிளையிலும் இருக்கட்டும். அடுத்த ஆண்டறிக்கை வரும் நாளில், அந்த நோட்டை ஏந்திக் காவல் நிலைய வாசலில் மக்களோடு நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எங்கள் புகார்கள் இதில் எங்கே?