நீராடுவோர் மானமும் நோக்குவோர் கடமையும்

2025ஆம் ஆண்டு ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை பிரயாகையில் நடைபெற்ற மகா கும்பமேளாவில், உடலெங்கும் நீறு பூசிய நாகா சந்நியாசிகள் வடநாட்டுக் கடுங்குளிரில் ஆடையின்றி, தத்தம் அகாடா என்னும் துறவியர் குழுவுக்கு வகுக்கப்பட்ட வரிசைப்படி, குறித்த வேளையில் அணியணியாகச் சென்று திரிவேணி சங்கமத்தில் மூழ்கி எழுந்தார்கள். கரையில் நின்ற ஜனங்கள் அவர்களைக் கைகூப்பித் தொழுதார்கள். அதே நீரில், அதே நாட்களில், சேலையும் ரவிக்கையுமாக மூழ்கிய பெண்களைக் களவாகப் படமெடுத்து, அப்படங்களைச் சமூக வலைத்தளங்களில் பரப்பியும் விலைபேசியும் பொருள் தேடியவர்கள்மீது உத்தரப் பிரதேசக் காவல்துறை பிப்ரவரி மாதத்தில் வழக்குப் பதிந்தது. ஆடையே அணியாதவர்கள் மானத்தோடு கரையேற, ஆடை உடுத்தியவர்களின் மானம் சந்தைக்கு வந்த இந்த விபரீதத்தை நாம் ஒருநாட் செய்தியாகப் படித்து மறந்துவிட்டோம். மானத்தைக் காப்பது உடுத்த துணியா, சூழ நிற்பவரின் ஒழுக்கமா என்னும் பழைய வினா அதனுள் அடங்கியிருக்கிறது.

இவ்வினாவுக்கு விடை தேடும்போது நம் நினைவுக்கு வரவேண்டிய ஊர் ஒன்று, ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் தாஸ்மேனியாத் தீவின் தலைநகராக விளங்கும் ஹோபார்ட். ஜூன் மாதமே குளிர்காலமாகிய அந்நாட்டில், ஆண்டின் மிக நெடிய இரவு கழிந்து பொழுது புலரும் வேளையில், ‘டார்க் மோஃபோ’ என்னும் கலைவிழாவின் ஓர் அங்கமாக, ஆடவரும் பெண்டிரும், இளைஞரும் முதியோரும், தலையில் சிவப்புக் குல்லாய் ஒன்று தவிர வேறொன்றும் அணியாமல் டெர்வென்ட் ஆற்றின் குளிர்ந்த நீரில் பாய்கிறார்கள். 2013இல் இது தொடங்கியபோது காவல்துறை ஆட்சேபித்துப் பின்னர் இணங்கியது. இப்போதோ, ஆயிரக்கணக்கானோர் முன்கூட்டியே பெயர் பதிந்து இடம் பெறுகிறார்கள். இச்செய்தியைக் கேட்டவுடன் நம்மில் பலர் முகஞ்சுளிப்பர். மேனாட்டு நாகரிகத்தின் சீர்கேடு என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பும் வழங்கிவிடுவர். ஆனால், பெயர்ப்பதிவும் நேர ஒழுங்கும் உயிர்காப்போரின் காவலும் எல்லாவற்றுக்கும் மேலாக, அருகில் நிற்பவர் தம்மை இழிவாக நோக்கார் என்னும் நம்பிக்கையும் இல்லாவிடில், அந்தக் கூட்டத்தில் ஒரு மூதாட்டி மேலாடையைக் களைந்து நீரில் இறங்குவது எங்ஙனம் சாத்தியமாகும் என்று சிந்திப்போர் சிலரே.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் கொண்டிருந்த கருத்து தெளிவானது. ஆடையின்றி நீராடலாகாது என்று மனுதர்ம சாஸ்திரம் விதிக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த ஆசாரக்கோவையும் உடையின்றி நீராடுவதைப் பெரியோர் செய்யாதன வரிசையில் வைத்து, நீருக்குள் ஆடையைப் பிழிவதையும் உடன்விலக்குகிறது. எனினும், நிகழாத ஒன்றை எந்தச் சாஸ்திரமும் விலக்குவதில்லை. ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில், ஹேமந்த ருதுவின் முதல் மாதத்தில் காத்யாயனி நோன்பு நோற்ற கோகுலத்துக் கன்னியர், விடியலில் கூட்டமாக யமுனைக்குச் சென்று, ஆடைகளைக் கரையில் வைத்துவிட்டு நீராடினர் என்று சொல்லப்படுகிறது. அக்கதையின் பின்பகுதிக்குப் பக்தர்கள் காணும் தத்துவார்த்தம் வேறு. அதனுள் நான் புகவில்லை. குளிர்கால விடியலில் பெண்கள் குழுவாகச் சென்று திறந்த நீர்நிலையில் ஆடுவது நம் சமயவாழ்வின் நடுவிலேயே இருந்தது என்பது மட்டும் இங்குக் கருதத்தக்கது. பரிபாடலின் பதினோராம் பாடலில் நல்லந்துவனார் வையையில் காட்டும் தைந்நீராடலும், ஆண்டாளின் முப்பது திருப்பாவைப் பாசுரங்களும், மணிவாசகரின் இருபது திருவெம்பாவைப் பாடல்களும் அந்த வழக்கத்தை நமக்கு இலக்கியமாக வைத்துப்போயிருக்கின்றன. அந்த நீராட்டில் பெண்கள் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு கூட்டமாகவே சென்றனர். கூட்டமே அவர்களுக்குத் துணையாகவும் திரையாகவும் இருந்தது.

பண்ருட்டியை அடுத்துக் கெடிலக்கரையிலுள்ள திருவதிகைக்கு, மானம் உடையிலா காண்பவரிடமா என்னும் இந்த வினா புதியதன்று. திருவாமூரில் பிறந்து, சமணம் சார்ந்து, பாடலிபுரத்துப் பள்ளியில் தருமசேனராகத் திகழ்ந்து, பின்னர் நாவுக்கரசர் எனப்பட்ட மருணீக்கியார், சூலைநோய் வருத்தத் தாம் உடுத்திருந்த பாயையும் பீலியையும் துறந்து, வெண்ணிற ஆடை தரித்து, தமக்கையார் திலகவதியாரை நாடி வந்த ஊர் இது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. திகம்பர முனிவர்க்கு ஆடையின்மை துறவின் அடையாளம். நீராடாமையும் அவர்தம் விரதங்களுள் ஒன்று. சைவர்க்கோ அவ்விரண்டுமே நிந்தைக்குரியனவாகத் தோன்றின. நாவுக்கரசரின் பதிகங்களே அதற்குச் சான்று. ஒரே கோலம் ஒரு சாராருக்கு வணக்கத்துக்குரியதாகவும் மறுசாராருக்கு இழிவாகவும் பட்டது என்றால், மானமும் அவமானமும் உடம்பில் பிறப்பவை அல்ல, காண்பவர் உள்ளத்தில் பிறப்பவை என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டுவதில்லை.

இன்று இவ்வட்டாரத்தில் குளிர்கால நீராட்டு எஞ்சியிருப்பது தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில்தான். தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் சுற்றுவட்டக் கிராமத் தெய்வங்களைக் கொணர்ந்து தீர்த்தவாரி செய்விக்கும் அந்நாளில், கரும்பும் சிறுவள்ளிக்கிழங்கும் மலிந்த மணற்பரப்பில் ஊர் முழுதும் கூடுகிறது. ஏறத்தாழ அதே நாளில், ஜனவரி 19இல், உருசிய நாட்டு மரபுவழிக் கிறித்தவர்கள் உறைந்த ஏரியின் பனிக்கட்டியை அறுத்துத் துறையமைத்து, ஏசுவின் ஞானஸ்நானத்தை நினைந்து மூழ்குகிறார்கள். தை மாதத்தில் வெந்நீருக்கு ஏங்கும் நமக்கு அக்குளிர் கற்பனைக்கும் எட்டாது. ஆயினும், தண்ணீரில் மூழ்கிப் புதியவராய் எழ வேண்டும் என்னும் வேட்கை இரு சாராருக்கும் பொது.

அந்த வேட்கையோடு துறைக்கு வரும் பெண்ணுக்கு நாம் செய்துவைத்திருப்பது என்ன? இவ்வட்டாரத்து நெய்வேலி நகரியத்தின் குடியிருப்புகளில் குழாயும் குளியலறையும் கண்டு பழகிய நாம், சுவர் இல்லாத இடத்தில் குளிப்பவரின் இடரை மறந்துவிட்டோம். ஈரச்சேலை உடம்போடு ஒட்ட, மாற்றுடைக்கு மறைவின்றி, கைப்பேசி பிடித்த நூறு கைகளுக்கு நடுவே அவள் கரையேற வேண்டியிருக்கிறது. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து நோக்குவதையும் படமெடுப்பதையும் குற்றமாக்கும் விதி 2013இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இப்போது பாரதிய நியாய சங்கிதையின் 77ஆம் பிரிவாக நிற்கிறது. முதன்முறைக் குற்றத்துக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ஆனால், தனிமையை எதிர்பார்க்கத்தக்க இடத்தில் நிகழ்வதையே அவ்விதி பாதுகாப்பதால், திறந்த படித்துறை அதன் வரம்புக்குள் வருமா என்று வாதிட வக்கீலுக்கு இடமுண்டு. சட்டம் தயங்குமிடத்தில் ஊர் முந்திக்கொள்ள வேண்டும்.

கெடிலக்கரையில் ஹோபார்ட்டைப் போல விழா எடுக்க வேண்டும் என்பது என் வாதமன்று. நம் ஆசாரம் அதை ஏற்காது, ஏற்கவேண்டிய அவசியமும் இல்லை. அவ்வூரார் ஆடையைத் துறந்ததை விட்டுவிட்டு, ஆடை துறந்தோரையும் காத்த ஏற்பாட்டை நாம் கைக்கொள்ளலாம். திருவிழாவுக்கு முன்பே பண்ருட்டி நகராட்சி பெண்களுக்கெனத் தனித்துறை குறித்து, தட்டியாலோ துணியாலோ உடைமாற்றும் மறைப்புகள் அமைக்கட்டும்; துறையருகே படமெடுத்தலைத் தடைசெய்து, அதைக் காக்கப் பெண் காவலரை நிறுத்தட்டும்; நீந்தத் தெரிந்த இளைஞரைக் கயிறும் மிதவையுமாக இருக்கச் செய்யட்டும்; மழைக்காலத்தில் மட்டுமே நிறைந்தோடும் ஆற்றில் சாக்கடை கலவாமல் பார்க்கட்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. மீறிப் படமெடுப்பவனைக் கண்டால், குளித்தவளின் சேலையைக் குறைகூறாமல் அவன் கைப்பேசியைத் தாழ்த்தச் சொல்லும் துணிவு கரையில் நிற்கும் ஆண்களுக்கு வர வேண்டும். அது வராதவரை, அயலூரார் ஆடையின்றிக் குளிப்பதைப் பற்றி உபதேசிக்கும் தகுதி நமக்கு இல்லை.