ஊர் ஊராய் ஆடும் கூடைப்பந்து வீரர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு, மாநில, மாவட்டக் கூடைப்பந்துக் கழகங்கள், அணி வைத்திருக்கும் அரசுத் துறைகள், வங்கிகள், லீக் நடத்துவோர், அழைப்புப் போட்டி நடத்தும் ஊர்க் கழகங்கள், ஒன்றிய, மாநில அரசுகளின் விளையாட்டுத் துறைகள்.

ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர். ஐவர் ஆடுவார்கள், எழுவர் பெஞ்சில் இருப்பார்கள். அந்தப் பட்டியலில் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது பெயராக வருபவர்கள் நாங்கள். பெரியகுளத்திலும் கரூரிலும் கோயம்புத்தூரிலும் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்தியப் போட்டிகளுக்கு வந்தவர்கள் எங்களைப் பார்த்திருப்பார்கள். பெயர் நினைவில் இருக்காது. இந்த மாதம் ஒரு வங்கிக்காக ஆடுவோம், அடுத்த மாதம் ஒரு கிளப்புக்காக, அதற்கடுத்த மாதம் வேறு மாநிலத்தில் யாரோ காயம்பட்ட இடத்துக்கு. முதல் ஐவரில் ஒருவர் நான்கு ஃபவுல் வாங்கி உட்கார்ந்ததும் உள்ளே போய், எதிரணியின் உயரமான ஆளை இடித்து நிறுத்தி, ரீபவுண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவது எங்கள் வேலை. நாங்கள் இல்லாவிட்டால் எந்தப் போட்டியும் இரண்டாம் நாளைத் தாண்டாது.

பெரிய இடத்துக்குப் போக முடியாதவர்கள் என்று எங்களைச் சொல்வோர் உண்டு. அப்படிச் சொல்வோருக்கு இந்த ஆட்டத்தின் வரலாறு தெரியவில்லை. இஷ் ஸ்மித் என்ற அமெரிக்கர் தம் நாட்டின் முதல்நிலை லீக்கான என்.பி.ஏ.வில் 13 அணிகளுக்கு ஆடினார். அதுவரை எவரும் அத்தனை அணிகளின் ஜெர்சியைப் போட்டதில்லை. பதின்மூன்றாவது அணியான டென்வர் 2023-இல் பட்டம் வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார். ஆண்ட்ரே இங்ராம் என்ற இன்னொரு அமெரிக்கர் அதற்கடுத்த கீழ்நிலை லீக்கில் பத்து ஆண்டுகள் ஆடினார். பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்து வருமானத்தை ஈடுகட்டினார். 2018 ஏப்ரலில், 32 வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்காக முதன்முதலாக இறங்கி 19 புள்ளிகள் எடுத்தார். நம் பக்கத்திலும் ஆள் உண்டு. சென்னையில் தெற்கு ரயில்வேக்காக ஆடிய கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்காவுக்குப் போய் அங்குள்ள பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகளின் தேர்வில் கலந்துகொண்டார். ஜப்பானில் ஆடிய அம்ரித்பால் சிங்கை 2017-இல் சிட்னி கிங்ஸ் அணி எடுத்தது. ஊர் மாறி ஆடுவது கூடைப்பந்தில் ஒரு தொழில்முறை. அதில் இழிவு எதுவும் இல்லை.

அயல்நாட்டில் இந்தத் தொழில் செய்பவருக்கும் எங்களுக்கும் உள்ள முதல் வேறுபாடு, அவர் கையில் ஒப்பந்தத்தின் ஒரு படி இருக்கிறது என்பதுதான். ஆகவே எங்கள் முதல் கோரிக்கை அதைப் பற்றியது. மற்ற எல்லாவற்றையும் இதன் மேல்தான் கட்ட முடியும் என்று நம்புகிறோம்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் எந்த வீரரையும், வீராங்கனையையும் களத்தில் இறக்கக் கூடாது. இப்போது நடப்பது இதுதான்: போட்டிக்கு நான்கு நாள் முன்னால் அணி மேலாளரிடமிருந்து போன் வரும். "வாப்பா, பஸ் ஏறு, மத்ததெல்லாம் வந்த பிறகு பேசிக்கலாம்." தொகை வாய்ப்பேச்சில் முடிவாகும். அணி அரையிறுதிக்குப் போனால் அந்தத் தொகை வரும். போகாவிட்டால் பாதி வரும். சில இடங்களில் பேருந்துக் கட்டணம் மட்டும் வரும். யாரிடம் கேட்பது? மேலாளர், நிர்வாகியைக் கை காட்டுவார். நிர்வாகி, விளம்பரப் பணம் வரவில்லை என்பார். அதிகம் கேட்டால் அடுத்த போட்டிக்கு அழைப்பு இருக்காது. இது ஒரு கிளப்பின் குறை என்றால் அந்தக் கிளப்பிடமே பேசியிருப்போம். இது வழக்கமாகவே ஆகிவிட்டது.

என்.பி.ஏ.வில் பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. ஜனவரி 5-க்குப் பிறகு, ஆள் பற்றாக்குறையில் இருக்கும் அணி ஒருவரைப் பத்தே நாளுக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பத்து நாளுக்கு என்ன ஊதியம் என்பது வீரரின் அனுபவ ஆண்டுகளை வைத்து முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருக்கும். பத்து நாளுக்குள் மூன்று ஆட்டம் கூட வராவிட்டால், மூன்று ஆட்டம் முடியும்வரை ஒப்பந்தம் நீளும். ஒரே அணி ஒரே சீசனில் ஒரே ஆளை இப்படி இரண்டு முறைதான் எடுக்கலாம். மூன்றாவது முறை வேண்டும் என்றால் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். உலகிலேயே பணக்காரக் கூடைப்பந்து லீக்கில், பத்து நாள் ஆளுக்கு இத்தனை விதி. பணம் அவர்களிடம் அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தத் தொகையை நாங்கள் கேட்கவில்லை, அந்த ஒழுங்கைக் கேட்கிறோம். அதற்குப் பணம் வேண்டியதில்லை.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் தமிழில், பிற மாநிலத்தில் அந்த வீரர் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தக் கணக்கில், பயணம், தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு, ஒப்பந்தம் எந்த நாளில் முடிகிறது, காயம்பட்டால் என்ன, தகராறு வந்தால் யார் தீர்ப்பது. போட்டி முடிவைப் பொறுத்துத் தொகை கூடலாம், குறையக் கூடாது. ஒரு படி வீரரிடம், ஒரு படி மாவட்டக் கழகத்தில். அந்தப் படி வந்து சேராத பெயரை ஸ்கோர்ஷீட்டில் எழுத டேபிள் அஃபிஷியல்களுக்கு அனுமதி இருக்கக் கூடாது.

தகராறு தீர்க்கும் இடம் வேண்டும். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா 2007-இல் இதற்கென ஒரு நடுவர் மன்றத்தை அமைத்தது. ஊதியம் தராத கிளப்பின் மேல் வெளிநாட்டு வீரர்கள் அங்கே போகிறார்கள். சட்ட நுணுக்கத்தை விட நியாயத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அந்த மன்றத்தின் முறை. தீர்ப்பின்படி பணம் தராத கிளப் புது வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போட முடியும். ஆனால் ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தின் பெயரை எழுதியிருந்தால்தான் அங்கே போக முடியும். ஒப்பந்தமே இல்லாதவர் எந்தக் கதவைத் தட்டுவார்? இதே போல் ஒரு சிறிய மன்றத்தைக் கூட்டமைப்பு அமைக்க வேண்டும் என்று கேட்கிறோம்: ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், முன்னாள் வீரர் ஒருவர், முன்னாள் வீராங்கனை ஒருவர். முறையீடு வந்த 30 நாளில் தீர்ப்பு. நிலுவை தீர்க்கும்வரை அந்த அணிக்குப் புதுப் பதிவு இல்லை. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் ஒரு தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயத்தை வகுத்திருக்கிறது. எங்கள் ஊதியத் தகராறும் மேல்முறையீடாக அங்கே போகும் வழியை ஒன்றிய அரசு தெளிவாக்க வேண்டும்.

அடுத்தது முழங்கால். எங்களில் பெரும்பாலானோர் ஆடி வளர்ந்தது சிமென்ட் கோர்ட்டில். ரீபவுண்டுக்கு எகிறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சியை முழங்கால்தான் வாங்குகிறது. இறங்கும்போது கால் திரும்பி ஏ.சி.எல். என்னும் முழங்கால் தசைநார் கிழிந்தால் அறுவை சிகிச்சை, பிறகு ஊன்றுகோல், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. திரும்பி ஆட ஒன்பது மாதம் முதல் ஓர் ஆண்டு ஆகும். நிரந்தர வேலையில் இருக்கும் வீரருக்குத் துறை மருத்துவமனை உண்டு, சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. அதே ஆட்டத்தில், அதே ஜெர்சியில், அவர் பக்கத்தில் நின்று ஆடிய எங்களுக்கு வீட்டு நகைதான் காப்பீடு. அறுவைக்குப் பணம் இல்லாமல், கட்டுப்போட்டுக்கொண்டே இரண்டு மூன்று போட்டி ஆடி, முழங்காலை முற்றிலும் கெடுத்துக்கொண்ட தோழர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் இப்போது ஆடுவதில்லை. ஆகவே போட்டி நடத்த அனுமதி கேட்கும் ஒவ்வொரு அமைப்பும், பதிவான எல்லா வீரருக்கும் காயக் காப்பீடு எடுத்த ரசீதைக் காட்ட வேண்டும். அந்தக் காப்பீடு அறுவையோடு நிற்காமல் பிசியோதெரபிக்கும் பொருந்த வேண்டும். அறுவையை விடப் பிசியோதான் எங்களைத் திரும்பக் களத்துக்குக் கொண்டுவருகிறது. பரிசுத் தொகையில் ஒரு பங்கைக் குறைத்து இதைச் செய்தாலும் நாங்கள் முணுமுணுக்க மாட்டோம்.

இதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்லோவேனியாவிலும் லக்சம்பர்கிலும் ஆடிவிட்டு அமெரிக்கக் கீழ்நிலை லீக்குக்கு வந்தவர் ஜீக் அப்ஷா. 2018 மார்ச் 24 அன்று மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் களத்திலேயே சரிந்தார். இரண்டு நாள் கழித்து இறந்தார். வயது 26. எங்களைப் போலவே ஊர் மாறி ஆடியவர். பணமும் மருத்துவரும் இருக்கும் நாட்டிலேயே இப்படி என்றால், கடைசிப் பேருந்து போன பிறகும் விளக்கொளியில் ஆட்டம் நடக்கும் நம் ஊர்களில் என்ன செய்வோம்? சீசனுக்கு ஒருமுறை இ.சி.ஜி. பரிசோதனை, கோர்ட் ஓரத்தில் இதய அதிர்வுக் கருவி ஒன்று, அதை இயக்கவும் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கவும் பயிற்சி பெற்ற இருவர், வாசலில் ஆம்புலன்ஸ். இவை இல்லாமல் முதல் விசில் ஊதக் கூடாது. இந்த ஒரு கோரிக்கையில் தவணை கேட்காதீர்கள்.

லீக்குகளைப் பற்றி. 2015-இல் யு.பி.ஏ. லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது, முழுநேரமாக இதில் பிழைக்கலாம் என்று எங்களில் பலர் நம்பினோம். 2017-க்குப் பிறகு அது நடக்கவில்லை. 2022-இல் கூட்டமைப்பின் ஆதரவோடு ஐ.என்.பி.எல். வந்தது. லீக் வருவதை நாங்கள் முழு மனதோடு வரவேற்கிறோம். அடுத்த ஆண்டு அது உண்டா, எந்த மாதம் என்று தெரியாமல் வேறு வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது என்பதே எங்கள் கவலை. லீக் நடத்துவோர் மூன்றாண்டு அட்டவணையை முன்கூட்டியே வெளியிட வேண்டும். முதல் ஆட்டத்துக்கு முன் ஒரு சீசனின் மொத்த ஊதியத்துக்கும் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். துறை வேலையில் இருப்போர் லீக்கில் ஆட விரும்பினால் தடையில்லாச் சான்றைப் பதினைந்து நாளில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும்.

வேலை. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரை. கூடைப்பந்தில் ஓர் உயரமான ஆள் ஆட்டத்தைப் புரிந்து ஆடத் தொடங்குவதே 24, 25 வயதில்தான். அதற்குள் கதவு மூடிவிடுகிறது. வரம்பை 30 ஆக்குங்கள். தமிழ்நாடு அரசு விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு தந்திருப்பதை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் அதற்கான சான்றிதழ், மாநில அணியிலோ இந்திய அணியிலோ ஆடியவர்களை நோக்கியே எழுதப்பட்டிருக்கிறது. மாநில அணியில் ஆண்டுக்குப் பன்னிரண்டு இடம். அகில இந்திய அழைப்புப் போட்டிகளில் ஆண்டாண்டாக ஆடியவருக்கு அந்த ஆட்டம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட அழைப்புப் போட்டிகளின் பட்டியலைக் கூட்டமைப்பு வெளியிட்டு, அவற்றில் ஆடியதற்கும் தகுதி மதிப்பு தர வேண்டும்.

இதற்குக் கணக்கு வேண்டும், கணக்கு இப்போது இல்லை. யார் எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை ரீபவுண்ட், எத்தனை தடுப்பு என்பது ஆட்டம் முடிந்த இரவே மறந்துபோகிறது. புள்ளி எடுத்தவர் பெயர் மட்டும் மறுநாள் செய்தித்தாளில் வரும். எங்கள் வேலை புள்ளி எடுப்பது இல்லை என்பதால் நாங்கள் ஆடியதற்கே சாட்சி இல்லாமல் போகிறது. ஒரு மடிக்கணினியும் பயிற்சி பெற்ற இருவரும் இருந்தால் ஒவ்வோர் ஆட்டத்தின் புள்ளிவிவரத்தையும் பதிவு செய்யலாம். காணொளியோடு சேர்த்து எவரும் பார்க்கும்படி வையுங்கள். வேறு நாட்டு அணி ஒன்றிடம் வாய்ப்புக் கேட்கப் போகும் இளைஞருக்கு அதுதான் விண்ணப்பம்.

பெண்களுக்கு மேலே சொன்னது எல்லாம் அதே அளவில் வேண்டும். அதோடு இன்னும் சில. சென்னையின் அனிதா பால்துரை தாயான பிறகும் களத்துக்குத் திரும்பி வந்து ஆடினார். 2021-இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. அவருக்குப் பின்னால் ரயில்வே வேலை இருந்தது. மத்திய அரசு ஊழியருக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. ஒப்பந்தத்தில் ஆடும் பெண்ணுக்குக் கர்ப்பம் என்றால் அன்றோடு ஆட்டம் முடிந்தது. சீசன் ஒப்பந்தத்தில் மகப்பேறுக்கான ஊதியமும் திரும்பி வரும் உரிமையும் எழுதப்பட வேண்டும். ஒரே போட்டியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பரிசுத் தொகை வேண்டும். உடை மாற்றப் பூட்டுள்ள அறை, பெண் பிசியோ, இரவுப் பயணத்தில் அணியோடு ஒரு பெண் மேலாளர் வேண்டும். வருமானம் போதாமல் தூர தேசம் போய் ஆடும் கட்டாயம் உலகின் முதல்தர வீராங்கனைகளுக்கே இருந்தது. அப்படி ரஷ்யாவில் ஆடிவந்த அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனர் 2022-இல் அங்கே பத்து மாதம் சிறைப்பட்டார். சொந்த ஊரில் பிழைக்க முடிந்தால் பெண்கள் இங்கேயே ஆடுவார்கள்.

நிர்வாகத்தில் இடம். 2025 சட்டம் விளையாட்டு அமைப்புகளில் வீரர்களுக்கு இடம் தருகிறது. அந்த இடம் பதக்கம் வென்றவர்களோடு முடிந்துவிடாமல், ஒப்பந்தத்தில் ஆடுவோர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு வீரரும் ஒரு வீராங்கனையும் கூட்டமைப்பின் வீரர் குழுவில் உட்கார வேண்டும்.

எங்களுக்குள் செய்துகொண்ட முடிவையும் இங்கே பதிவு செய்கிறோம். அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1964 ஜனவரி 14 அன்று பாஸ்டனில் என்.பி.ஏ.வின் நட்சத்திர ஆட்டம். அரங்கம் நிறைந்திருந்தது, தொலைக்காட்சி காத்திருந்தது. பில் ரஸ்ஸல், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேய்லர், ஆஸ்கர் ராபர்ட்சன் ஆகியோர் உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஓய்வூதியம் தருவதாக லீக் தலைவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் களம் இறங்கினார்கள். அந்த ஓய்வூதியம் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் சேர்த்தே கேட்கப்பட்டது. வேலையில்லாத எங்களில் ஒருவர் தனியாக மறுத்தால், அந்த இடத்துக்கு இன்னொருவரை அழைப்பது எளிது. ஆகவே நிரந்தர வேலையில் இருக்கும் மூத்த வீரர்களும் வீராங்கனைகளும் இந்தச் சாசனத்தில் முதலில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வரும் கோடைப் போட்டிகளில், தன் அணியில் ஒப்பந்தப் படி கையில் இல்லாத ஒருவர் இருந்தாலும் அவர்கள் ஜெர்சி போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஊர்க் கழகங்களோடு உட்கார்ந்து பேச நாங்கள் தயார். மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறோம். அதில் தொகை எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம்.