கோச்சை மாத்தினா கோல் வந்துடுமா?

2024 ஜூன் 11, தோஹா. கத்தாருக்கு எதிரான உலகக் கோப்பை தகுதிச்சுற்று மேட்ச்சில் 72 நிமிடம் வரை இந்தியா 1-0 முன்னிலை. அப்படியே முடிந்திருந்தால், முதல்முறையாக மூன்றாவது சுற்று! ஆனால், கோல் லைனைத் தாண்டி வெளியே போன பந்தை இழுத்துப்போட்டு கத்தார் கோல் அடித்தது. ரெஃப்ரி அதை கோல் என்றார். கடைசியில் 2-1 தோல்வி. அடுத்த ஆறே நாளில் கோச் இகோர் ஸ்டிமாக்கின் வேலை போனது.

ஸ்டிமாக் சாதாரண ஆள் இல்லை பாஸ். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷியா அணியின் டிஃபெண்டர். டெர்பி கவுன்டி, வெஸ்ட் ஹாம் அணிகளுக்கு ஆடியவர். குரோஷியாவுக்கே கோச்சாக இருந்தவர். 2019-ல் இந்தியாவுக்கு வந்தார். 2023-ல் மட்டும் மூன்று கோப்பைகள். அந்த ஜூலையில் ஃபிஃபா ரேங்கிங்கில் இந்தியா 99-வது இடம்.

ஆறே மாதத்தில் எல்லாம் தலைகீழ். ஆசியக் கோப்பையில் மூன்று மேட்ச், மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் கவுகாத்தியில் ஆப்கானிஸ்தானிடமும் 2-1 தோல்வி. நாம் அடித்த அந்த ஒரு கோலும் சுனில் சேத்ரியின் பெனால்டி.

தப்பு யார் மேல? ஸ்டிமாக் மேலும் இருக்கிறது. 2023 சாஃப் கோப்பையில் இரண்டு முறை ரெட் கார்டு வாங்கினார். மூன்றாவது சுற்றுக்குப் போகலைன்னா விலகிடுவேன் என்றவர், தானாக விலகவில்லை. ஒப்பந்தம் 2026 வரை இருந்ததால், கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்துத்தான் கணக்கை முடித்தது கால்பந்து சம்மேளனம்.

ஆனால் இதையும் யோசிங்க. 1998-ல் ஸ்டிமாக் பின்னால் நின்று காக்க, முன்னால் 6 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கினார் டாவோர் சூகர். இந்தியாவில் ஸ்டிமாக்குக்கு இருந்த 'சூகர்', 39 வயசு சேத்ரி! ஐ.எஸ்.எல் அணிகள் பலவும் கோல் அடிக்கும் இடத்தை வெளிநாட்டு வீரர்களிடம் கொடுத்துவிடுகின்றன. க்ளப்பில் அந்த இடத்தில் ஆடாத பையனை, சில நாள் கேம்ப்பில் எந்த கோச் ஸ்ட்ரைக்கராக மாற்ற முடியும்?

ஸ்டிமாக்குக்குப் பிறகு மனோலோ மார்க்வெஸ் வந்தார். 2025 மார்ச்சில், ரிட்டையரான சேத்ரியை 40 வயதில் திரும்பக் கூப்பிட்டார். சேத்ரியும் வந்து மாலத்தீவுக்கு எதிராக கோல் போட்டார்.

சந்தோஷம்தான். ஆனா, அதுதான் கவலையும். அடுத்த முறை ஒரு கோச்சைத் தூக்கும்போது, புது கோச் யாருன்னு தேடுறதோட நிறுத்தாதீங்க. க்ளப்ல வாராவாரம் ஸ்ட்ரைக்கரா இறங்குற இந்தியப் பையன் யாருன்னும் தேடிப்பாருங்க.