தொரப்பள்ளியில் எடுத்த படத்தைத் தொரப்பள்ளியில் காட்டுங்கள்

மாண்புமிகு தமிழ்நாடு செய்தித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

கெலமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு உங்கள் துறை பராமரிக்கும் நினைவு இல்லம். சினிமாவுக்காக அரசு செய்யும் காரியங்களும் உங்கள் துறை வழியாகத்தான் நடக்கின்றன. இரண்டும் ஒரே மேசைக்கு வருவதால் உங்களிடமே கேட்கிறேன்: 'திக்கற்ற பார்வதி' படத்தைக் காப்பாற்றுங்கள்.

1974-ல் வந்த படம் அது. ராஜாஜி எழுதிய கதை, அவர் பிறந்த தொரப்பள்ளியிலேயே படமாக்கப்பட்டது. இயக்கியவர் சிங்கீதம் சீனிவாச ராவ். 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காமராஜன்' என்றால் எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் அவர் படம் தெரியும். வீணை சிட்டிபாபு இசையமைத்த 'திக்கற்ற பார்வதி' மட்டும் தெரியாது. 1973-ம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது இதுதான். எங்கள் மாவட்டத்து மண்ணில் எடுத்து டெல்லி வரை போய் விருது வாங்கிய படத்தின் பெயரை இங்கே பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவர் சொன்னாலே அதிசயம்.

கதை இரண்டே வரிதான். வண்டியோட்டி கருப்பன் குடிக்கப் பழகுகிறான், கடன் ஏறுகிறது. கடன் கொடுத்த இடத்திலிருந்து வருகிறவன் கண் கருப்பனின் மனைவி பார்வதி மேல் விழுகிறது. கருப்பனாக ஸ்ரீகாந்த், பார்வதியாக லட்சுமி. இதே இருவரும் பின்னால் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தில் சேர்ந்து நடித்தார்கள். லட்சுமிக்கு அதற்காக தேசிய விருதும் கிடைத்தது. அதில் அவர் நடித்த கங்காவை இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் பார்வதி அவளுக்கு ஒரு மாற்றும் குறைந்தவள் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

இந்தக் கதை இந்த மண்ணில் எழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது மதுவிலக்கை முதலில் கொண்டுவந்த இடம் சேலம் மாவட்டம். அன்று ஓசூரும் கெலமங்கலமும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1974-ல் மறுபடி வந்தது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்து மூடிய அந்த இடைவெளியில் பிறந்த படம் இது. குடிகாரனைக் கெட்டவனாகக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. குடியும் கடனும் சேர்ந்து ஒரு பெண்ணை எப்படி மூலையில் தள்ளுகின்றன என்பதுதான் அதற்குக் கவலை.

ஐயா, பார்வதி பழைய காலத்துப் பெண் என்று யாராவது சொன்னால் எங்கள் தெருவுக்கு ஒரு காலை நேரம் வரச் சொல்லுங்கள். ஏழு மணிக்கே குழு லோன் வசூலுக்கு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ஒருத்தி தவணை குறைத்துக் கொண்டுவந்தால் குழுவில் உள்ள மற்ற பெண்களும் எழுந்து போக முடியாது. தக்காளி பறிக்கப் போகிறவளும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவளும் நின்றுகொண்டே இருப்பார்கள். தவணை குறைந்தவளோ முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணுவாள், மறுபடியும் எண்ணுவாள். அந்த வாரக் கூலி முந்தின நாள் சாயங்காலமே டாஸ்மாக் போய்ச் சேர்ந்திருக்கும். ஐம்பது ஆண்டுக்கு முன்னால் எடுத்த படம் இதைத்தானே சொன்னது?

எழுபதுகளின் படங்களில் எனக்குப் பிடித்தவை இன்னும் உண்டு. ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை', ஜெயபாரதியின் 'குடிசை' இரண்டும் திரையில் காணக் கிடைக்காதவை. துரையின் 'பசி'யில் லாரி டிரைவரை நம்பிய குப்பம்மாவாக ஷோபா வாழ்ந்திருப்பார். லாரிகள் ஓயாத நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் எங்களுக்கு அந்தப் பெண்ணையும் நன்றாகத் தெரியும். இவற்றுக்காகவும் ஒருநாள் எழுதுவேன். இப்போதைக்குப் பார்வதி போதும்.

எல்லையைத் தாண்டிப் பாருங்கள். கிரீஷ் காசரவள்ளி 1977-ல் எடுத்த கன்னடப் படம் 'கடஸ்ராத்தா'. கர்ப்பமான இளம் விதவையை ஊரே தள்ளிவைக்கும் கதை. அவளும் திக்கற்றவள்தான். அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு 2024-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அரவிந்தனின் மலையாளப் படமான 'தம்பு' 2022-ல் கான் விழாவுக்குப் போனது. அவற்றை எடுத்துவைத்துப் பாதுகாக்க ஆட்கள் முன்வந்தார்கள். நான் பார்த்த 'திக்கற்ற பார்வதி' பிரதியிலோ முகங்கள் வெளிறிக் கிடக்கின்றன, வசனம் பாதியில் அமுங்குகிறது. லட்சுமி என்ன நினைக்கிறார் என்பதை அவர் கண்ணில் படிக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிகிறது.

புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 2022 முதல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) சேர்ந்திருக்கிறது. தமிழ்நாடு அரசின் பெயரில் ஒரு கடிதம் போனால் நெகட்டிவ் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று தேடும் வேலையாவது தொடங்கும். தனிமனிதன் எழுதினால் பதில் வருவதே பெரிய விஷயம்.

இன்னொன்றுக்குத் தாமதம் கூடாது. ஷூட்டிங்கை வேடிக்கை பார்த்த தொரப்பள்ளிப் பிள்ளைகள் யாராவது இருந்தால் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். இயக்குநரோ 1931-ல் பிறந்தவர். எங்கள் ஊர்க்காரர்களிடமும் அவரிடமும் கேட்டுப் பதிவு செய்ய ஒரு கேமராவும் நாலு நாளும் போதும். மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தால் முடியாத காரியம் இல்லை.

நல்ல பிரதி கையில் கிடைத்ததும் முதல் காட்சியைச் சென்னையில் போடாதீர்கள். தொரப்பள்ளி நினைவு இல்லத்தின் முன்னால் திரை கட்டுங்கள். இந்தப் பக்கத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய, அவர்களுக்காக அந்த இரு மொழிகளிலும் எழுத்து ஓட விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாக வைத்தால் கம்பெனிக்குப் போகும் பெண்களும் வந்து பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
கெலமங்கலத்துச் சினிமா ரசிகன்