வரியை எழுதியவர் யார்?

நிரல் எழுதப் பழகும் நாம், பிறர் எழுதியதைப் படிக்கப் பழகுகிறோமா? 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்', நிரலின் ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற குறிப்போடு காத்து வைக்கிறது. ஆனால் கிட்ஹப் தளத்தில் கோப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வெறும் வரிகளே. 'பிளேம்' என்பதை அழுத்தினால்தான் வரிவரியாக வரலாறு வரும். (பழி சுமத்தும் அந்தப் பெயரை யார் வைத்தாரோ!) அதிலும், வரியின் முன்னுள்ள இடைவெளியை மட்டும் ஒருவர் சரிசெய்தால் போதும், அவர் பெயரே நிற்கும்; சிந்தித்து எழுதியவர் மறைந்துபோவார். இத்தகைய திருத்தங்களைப் பட்டியலிட்டு ஒதுக்க 2022-இல் கிட்ஹப் வழிசெய்தது. அந்தப் பட்டியலையோ நிரலின் பொறுப்பாளர்தான் எழுதிவைக்க வேண்டும். தம் கணினியில் கிட் வைத்திருப்பவர் ஒரே கட்டளையில் இடைவெளித் திருத்தங்களை ஒதுக்கிவிடுகிறார். உலாவியில் மட்டுமே படிக்க முடிந்த மாணவனுக்கும் அதே வசதி, வரியின் பக்கத்திலேயே வேண்டும்.