சொல்லாமல் அறுகிற பெல்ட்

கல்யாண வீட்டிலே நாதஸ்வர வித்வானுக்கு மாலை மரியாதை உண்டு. தவில்காரருக்குச் சபாஷ் உண்டு. பின்னால் உட்கார்ந்து ஜாலராவைத் தட்டும் தாளக்காரரை யார் கவனிக்கிறார்கள்? ஆனால் அவர் நடுவில் கணக்குத் தப்பினால் கச்சேரியின் கதி என்ன ஆகும்? மோட்டார் எஞ்சினுக்குள்ளும் அப்படித் தாளம் போடுகிற ஒருவர் இருக்கிறார். அவர்தாம் டைமிங் பெல்ட் என்னும் பல் வைத்த ரப்பர் பட்டை.

எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய் வருகின்றன. அவற்றின் பலத்தால் கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது. காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே அனுப்பவும் வால்வுகள் திறந்து மூட வேண்டும். அந்த வேலையைச் செய்வது கேம் ஷாஃப்ட். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டும். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது! இவ்வளவு துரித கதியில் இரண்டையும் இணைத்துத் தாளம் பிசகாமல் காப்பது இந்தப் பட்டையே.

முன்னெல்லாம் இதற்குப் பற்சக்கரங்களும் சங்கிலியுமே உண்டு. 1962-ல் ஜெர்மனியில் கிளாஸ் கம்பெனியார் தங்கள் 1004 என்னும் காரில் ரப்பர் பட்டையைப் பூட்டி விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். பட்டை லேசானது, விலை குறைவு, எண்ணெய் வேண்டாம், சத்தமும் இல்லை. அந்தக் கடைசிக் குணத்திலேதான் அபாயமும் இருக்கிறது. சங்கிலி தளர்ந்தால் கடகடவென்று முறையிடும். பட்டையோ மூச்சு விடாமல் உழைத்து, ஒருநாள் சொல்லாமல் அறுந்து போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. கைப்பொருளைக் கொடுத்துக் கற்றேன். எங்கள் கார் பழைய கார். வாங்கும்போதே ஏழு வயது. "பெல்ட்டை மாத்திடுங்க சார், வயசாச்சு" என்று மெக்கானிக் இரண்டு முறை சொன்னார். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பட்டை கறுப்பாக, ஒழுங்காக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. '80,000 கிலோமீட்டர் அல்லது 5 வருஷம், இவற்றில் எது முந்தியோ அது' என்று கார்ப் புத்தகத்தில் அச்சிட்டிருந்தது. ஓடியது 58,000-தான், இன்னும் 22,000 பாக்கி என்று கணக்குப் போட்டேன். 'எது முந்தியோ' என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டேன். இருபது வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருப்பவன் நான்! கேள்வியை முழுவதும் படிக்காத பையன்களை எத்தனை முறை கோபித்திருப்பேன்!

2023-ஆம் வருஷம் மகளைக் கல்லூரியில் சேர்க்கத் திருச்சியிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டோம். துவரங்குறிச்சி தாண்டியதும் எஞ்சின் சட்டென்று நின்றது. ஸ்டியரிங் இரும்பாய்க் கனத்தது. பிரேக்கை இரண்டு கால் பலத்துடன் மிதிக்க வேண்டியிருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போயிற்று. ஓரத்தில் நிறுத்தியதும், புத்திசாலித்தனமாகச் சாவியை நாலு முறை திருகினேன். அது இன்னொரு தவறு.

பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும் இடத்திலேயே திறந்த வால்வும் கீழே இறங்குகிறது. பட்டை இருக்கும்வரை இருவரும் முறை வைத்துப் போய் வருவார்கள். பட்டை அறுந்தால் மோதிக்கொள்வார்கள். சாவியைத் திருகத் திருக மோதல் அதிகமாகும். எங்கள் காரில் ஆறு வால்வுகள் வளைந்து போயின. ஆறாயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியம் நாற்பத்திரண்டாயிரத்தில் முடிந்தது. மகள் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தாள். விடுதிப் பணத்துக்கு நான் கடன் வாங்கினேன்.

ஆகையால் வீட்டில் கார் வைத்திருப்போர் சில விஷயங்களை மனத்தில் கொள்ள வேண்டும். முதலில் உங்கள் எஞ்சினுக்குப் பட்டையா சங்கிலியா என்று கார்ப் புத்தகத்தில் பாருங்கள். பட்டையானால் கிலோமீட்டர், வருஷம் இரண்டு கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடாமல் நிற்கும் காரிலும் ரப்பருக்கு வயதாகிறது. பழைய கார் வாங்கி, பட்டை எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பார்ப்பது நல்லதே. வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், பல் உதிர்தல், முதுகில் கண்ணாடிப் பளபளப்பு, எண்ணெய்க் கறை இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மாற்ற வேண்டும். ஆனால் ஒன்றும் தென்படாததை நற்சாட்சிப் பத்திரமாகக் கொள்ளாதீர்கள். இக்காலத்து உயர்ந்த ரப்பர், வெளியே கீறல் காட்டாமலே உள்ளுக்குள் தேய்ந்துவிடும்.

எண்ணெயும் கூலன்ட்டும் சாதாரணப் பட்டைக்குச் சத்துரு. கசிவு கண்டால் முதலில் அதை நிறுத்துங்கள். சில புதிய எஞ்சின்களில் பட்டை எண்ணெயில் நனைந்தே ஓடும். அவற்றுக்குப் புத்தகம் சொல்லும் எண்ணெயைத் தவிர வேறொன்று ஊற்றலாகாது.

மாற்றும்போது டென்ஷனரையும் உருளைகளையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பட்டையில் ஓடினால் அதையும். பழைய உருளை இறுகி நின்றால் புதிய பட்டையும் பிழைக்காது. புதிய பட்டையை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. உள்ளிருக்கும் கண்ணாடி இழைகள் ஒடிந்துவிடும். பூட்டியபின் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, அடையாளக் கோடுகள் நேராகின்றனவா என்று பார்த்த பிறகே சாவி போட வேண்டும். ஓடுகையில் எஞ்சின் திடீரென்று நின்றால், காரணம் தெரியும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

விடுமுறைக்கு வந்த மகள், ஒரு சீட்டில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டினாள். அதன் கீழே, 'எது முந்தியோ அது' என்று எழுதி இரண்டு கோடும் போட்டிருந்தாள். வாத்தியாருக்கு வாய் திறக்க வழியில்லை.