காற்றாடிக்கு நான் எதிரி அல்ல

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி. காற்றாலை வந்தால் மழை மேகம் கலைந்துவிடும் என்கிறது ஒன்று. நிலத்துக்கு நல்ல விலை, ஊருக்கே இலவசக் கரண்ட் என்று புரோக்கர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறது இன்னொன்று. இரண்டுமே தப்பு.

மழை மேகம் காற்றாடிக்கு எட்டாத உயரத்தில் போகிறது. முப்பந்தலில் முப்பது வருடத்துக்கும் மேலாகக் காற்றாடி சுற்றுகிறது. குமரி மாவட்டத்தில் மழை நின்றா போனது? நம்மூரைவிட அங்கேதான் பச்சை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது முப்பந்தலில் பஸ்ஸை நிறுத்தினோம். இறங்கியதும் என் துண்டு பறந்துவிட்டது! (பிடித்துக் கொடுத்தவன் இதைப் படித்தால் கமெண்டில் சொல்லட்டும்.) அங்கே அப்படி அடிப்பதற்குக் காரணம் மேற்குத்தொடர்ச்சி மலையில் உள்ள கணவாய். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு என்று மூன்று இடைவெளியிலும் தென்மேற்குக் காற்று நெருக்கிக்கொண்டு வருகிறது. நம் புதுக்கோட்டையில் ஏது கணவாய்?

கணக்கு எடுத்த வாத்தியாராகச் சொல்கிறேன். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் ஒரு வருடமாவது கம்பம் நட்டுக் காற்றை அளந்தீர்களா என்பதே முதல் கேள்வி. ஆடியில் மட்டும் அளந்து காட்டினால் ஏமாறாதீர்கள். ஐப்பசியிலும் மாசியிலும் என்ன வேகம் என்று கேளுங்கள்.

இலவசக் கரண்ட் என்பது சுத்தப் பொய். உற்பத்தியாவது துணைமின் நிலையத்துக்குப் போய் பொது மின்கம்பியில் கலந்துவிடும். தமிழ்நாட்டில் எத்தனையோ காற்றாடிகள் நூற்பாலைகளுக்குச் சொந்தம்.

ஆனாலும் எனக்குக் காற்றாலை பிடிக்கும். நிலக்கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பக்கத்து மாவட்டம் கமுதியில் சோலார் தகடு ஆயிரக்கணக்கான ஏக்கரை மூடிக் கிடக்கிறது. காற்றாடி அப்படியல்ல, இரண்டு கோபுரத்துக்கு நடுவே உழலாம், ஆடு மேய்க்கலாம். அதனால்தான் விற்காதீர்கள், குத்தகைக்கு விடுங்கள் என்கிறேன்.

எனக்குள்ள பயமெல்லாம் கோபுரத்துக்குப் போடும் ரோட்டைப் பற்றித்தான். அறுபது மீட்டர் இறக்கையும் ராட்சத கிரேனும் வர, கிராவல் கொட்டி மேடாக்குவார்கள். வரத்து வாரிக்குக் குறுக்கே குழாய்ப் பாலம் இல்லாமல் அந்த மேடு விழுந்தால் கண்மாய்க்குச் சொட்டுத் தண்ணீர் வராது. புரோக்கர் காட்டும் புஞ்சை முழுக்க நம் கண்மாயின் நீர்ப்பிடிப்பு. தைல மரம் நட்டபோது நம் பெரியவர்கள் கேள்வி கேட்கவில்லை, இன்று போர்வெல் எத்தனை அடி போகிறது? 2017-ல் நெடுவாசல் மக்கள் கேட்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது.

மாமா, சித்தப்பா யாரும் முன்பணம் வாங்கிவிடாதீர்கள். கிராம சபையில் வரைபடத்தை விரித்து வைக்கட்டும், வாரி எங்கே, ரோடு எங்கே என்று பார்ப்போம். ஒப்பந்த நகல் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்துச் சொல்கிறேன்.